எண்ணெய் மிதந்த கிணறுகள்

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் முதியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். கிணற்று நீரை உள்ளங்கையில் ஏந்தி, நாவில் ஒரு துளி வைத்தே, அதில் சாயம் பிடிக்குமா என்று சொல்லிவிடுவார். 2013ஆம் ஆண்டு சென்னைத் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய், வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறியதைப் பற்றி ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தோம். “சாமி, நம்ம கிணத்துல கலந்தா நாக்குக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்று உறுதி கூற என்னால் இயலவில்லை. விடை தேடியபோதுதான், கடல் கடந்து, ஈழத்துச் சுன்னாகத்தின் கதையை ஊன்றிப் படித்தேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. குடிநீரும் வெங்காயத் தோட்டமும் அதை நம்பியே. கிணறு அங்கே வெறும் வசதியன்று, ஊரின் உயிர். ஆபிரகாம் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்ததையும், ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டியதையும் தொடக்க நூல் ஏன் இத்தனை அக்கறையோடு குறித்து வைத்தது என்பது இத்தகைய மண்ணில் வாழ்வோருக்கே முழுமையாக விளங்கும்.

சுன்னாகத்தில் நெடுங்காலமாக மின் நிலையம் உண்டு. போர்க்காலத்தில் அங்கிருந்த எண்ணெய்த் தாங்கிகள் சேதமுற்று எண்ணெய் நிலத்தில் கொட்டியது. பின்னர் நொர்தேர்ண் பவர் என்னும் தனியார் நிறுவனம் அங்கே எண்ணெய் எரித்து மின்சாரம் தயாரித்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். பழைய எண்ணெயா, புதிய எண்ணெயா என்ற வழக்காடல் எளிதில் ஓயவில்லை.

இங்கேதான் சோதனையின் வரலாறு தொடங்குகிறது. இலங்கையின் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தன. ஆனால் வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ, பெட்ரோலிய நச்சுச் சேர்மங்கள் நீரில் இல்லை என்றது. சாதாரண மனிதனுக்கு இது முரண்பாடாகத் தோன்றும். இரு சாராரும் தேடியது ஒன்றல்ல என்பதே என் எண்ணம். எண்ணெய் நீரைவிட இலேசானது, மேலே மிதப்பது. மேற்பரப்பில் எடுத்த மாதிரியும் ஆழத்தில் எடுத்த மாதிரியும் ஒன்றையே சொல்லா. மழைக்குப்பின் நீர்மட்டம் உயர்ந்தால் அளவும் மாறும். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பு எப்பக்கம் ஓடுகிறதோ அப்பக்கமே எண்ணெயும் ஓடும். எனவே ஒரு வீட்டுக் கிணறு சுத்தம் என்பது அடுத்த வீட்டுக் கிணற்றுக்குச் சான்றாகாது. ஆண்டுக்கணக்கில், குறித்த கிணறுகளில், குறித்த காலங்களில் எடுத்த அளவுகளே பேசும்.

2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் அந்நிலையத்தை நிறுத்த ஆணையிட்டது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தவர் சுன்னாகத்தவர் அல்லர். ரவீந்திர குணவர்தன காரியவசம் என்னும் சிங்களச் சூழலியலாளர். போரின் காயம் ஆறாத நாட்டில் இதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. நிபுணர் குழுவின் முடிவை நீதிமன்றம் ஏற்கவில்லை. நீர்ச் சபையின் கணக்கே நின்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறிப்படி நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் செலுத்தவேண்டும்; அது குறைந்தது 500 குடியிருப்பாளரின் கிணறுகளைத் துப்புரவு செய்ய உதவ, ஒருவருக்கு 40,000 ரூபாய்க்கு மிகாமல் பகிரப்படவேண்டும் என்பது ஆணை.

இதையெல்லாம் சாயக்காரப் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அன்றைய மாற்று மதிப்பில் அது நம் ரூபாயில் ஏறத்தாழ 16,000 என்றதும், தறிமேல் கிடந்த நூலை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: “ஒரு கிணத்துத் தண்ணிய இறைச்சுப் போடலாம் சாமி. கீழ கல்லுக்குள்ள எறங்கினத எத்தன நாள் இறைக்கிறது?”