புனேயில் அப்பாவின் சிவாஜி

புனேவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் அப்பாவும் அம்மாவும் திருவையாற்றிலிருந்து வந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு மராட்டியர் (ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்) டீ குடிக்க வந்தார். அப்பா தனக்குத் தெரிந்த நாலே நாலு இந்தி வார்த்தைகளைக் கூட்டி, "மேரா பகவான் சிவாஜி" என்றார். அவ்வளவுதான். ஆசிரியர் எழுந்து வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒரு மதராஸி வாயிலிருந்து மகாராஜா பெயர்!

எனக்குத் தர்மசங்கடம். அப்பா சொன்னது சத்ரபதியை அல்ல, விழுப்புரம் சின்னையா கணேசனை.

விளக்கம் சொல்லப் போய்த்தான் நானே அந்தக் கதையை ஒழுங்காகப் படித்தேன். 1940களின் நடுவில் அண்ணா எழுதிய நாடகம் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்'. வாள் பலத்தால் நாடு பிடித்த மனிதன் முடிசூட்டிக்கொள்ள நினைத்தால், "நீ சத்திரியன் இல்லை" என்கிறார்கள் வைதீகர்கள். கடைசியில் காசியிலிருந்து காகபட்டர் வருகிறார். 1674-ல் ராய்கட் கோட்டையில் நடந்த முடிசூட்டு விழாவின் பின்னணி இதுதான். நாடகத்தில் காகபட்டராக அண்ணாவே நடித்தார். சிவாஜியாக நடித்தவர் இளைஞர் கணேசன். பார்த்து மகிழ்ந்த பெரியார் 'சிவாஜி' கணேசன் என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து அதுவே நிலைத்தது.

இதைச் சொன்னதும் ஆசிரியர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ காகபட்டர் கதையை எனக்கே விரிவாகச் சொன்னார். சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் வெங்கோஜி 1670களில் தஞ்சாவூரைப் பிடித்ததையும் சொல்லி, "நாம் பழைய சொந்தம்தான்" என்றார். அப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

சரி, கணேசனுக்கு வருவோம். 1952-ல் 'பராசக்தி'. 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. அதற்காக 1960-ல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது. 1964-ல் நூறாவது படம் 'நவராத்திரி', ஒன்பது வேடங்கள். கயத்தாறில் கட்டபொம்மனுக்குச் சொந்தச் செலவில் சிலையும் வைத்தார். 1995-ல் செவாலியே, 1996-க்கான தாதா சாகேப் பால்கே. ஆனால் சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. தில்லியை அப்பா மன்னிக்கவே இல்லை.

எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கும் சிவாஜி ரசிகர்களுக்கும் டீக்கடையில் நடந்த சண்டை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எந்தப் படம் எந்த ஊரில் எத்தனை நாள் ஓடியது என்று அப்பா தேதி வாரியாகச் சொல்வார். பி.காம். படித்த எனக்கே அப்படி ஒரு பேரேடு மனதில் நிற்காது.

விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன். இனி சொல்வது விளையாட்டு இல்லை.

1988-ல் சிவாஜி காங்கிரசை விட்டு விலகி 'தமிழக முன்னேற்ற முன்னணி' தொடங்கினார். 1989 ஜனவரித் தேர்தலில் ஜானகி அணியோடு கூட்டணி. சிவாஜி நின்ற தொகுதி எங்கள் திருவையாறு! சாமியே தெருவுக்கு வந்தால் பக்தன் சும்மா இருப்பானா? அப்பா தன் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு மூன்று வாரம் கொடியோடு அலைந்தார். ஜீப் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் போதாமல் அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

சிவாஜி பத்தாயிரம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். அவர் கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை. அன்று இரவு அப்பா திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டில் சோறு போட்டு வைத்தார். பூட்டிய கடைக்கு வாடிக்கை திரும்பவில்லை. வட்டி ஏறி, சங்கிலி மூழ்கியே போனது. அடுத்த வருஷம் என் பள்ளிக்கூடப் பணத்துக்கு அம்மா தாய்மாமன் வீட்டு வாசலில் நின்றது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் வெகுகாலம் நான் சிவாஜி படமே பார்க்கவில்லை. 2001 ஜூலை 21 அன்று அவர் இறந்தபோது அப்பா தேம்பி அழுதார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

புனேயில் அன்று ஆசிரியர் கிளம்பிய பிறகு கேட்டேவிட்டேன். "அந்தச் சங்கிலிய நினைச்சா உங்களுக்கு வருத்தமே இல்லையாப்பா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த மனுஷன் எங்கிட்ட கேக்கலடா. நானாத்தான் குடுத்தேன். தப்பு உங்கம்மாவக் கேக்காமக் குடுத்தது."

அம்மா அடுப்படியில்தான் இருந்தார். காதில் விழுந்திருக்கும்.

வங்கியில் தினமும் நகைக்கடன் கையெழுத்துப் போடுகிறேன். வீட்டுக்காரி நகையைக் கணவன் தனியாகக் கொண்டுவந்தால், "வீட்டுல தெரியுமா?" என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. விதிமுறையில் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மா எங்களோடு இருக்கிறார். போன மாதம் டிவியில் 'பாசமலர்'. சேனல் மாற்றப் போனேன். அம்மா ரிமோட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

"இருடா. உங்கப்பா அழுவுற எடம் இனிமேத்தான் வருது."

உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன்.