ஒளியிழை ஒலி வடம்

ஒளியிழை ஒலி வடம் என்பது வீட்டு ஒலிக் கருவிகளுக்கிடையே எண்முறை ஒலிக் குறிகைகளை மின்னோட்டமாக அன்றி ஒளித் துடிப்புகளாகக் கடத்தும் வடம் ஆகும். கடைகளில் இது ஆப்டிகல் கேபிள் எனப்படும். சப்பானின் தோசிபா நிறுவனம் 1983 இல் குறுந்தட்டு இயக்கிகளைப் பெருக்கிகளுடன் இணைக்க இதனை உருவாக்கியது. டொஸ்லிங்க் என்னும் பெயர் அந்நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது.

அமைப்பு

வடத்தினுள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள நெகிழி இழை உள்ளது. ஒரு முனையிலுள்ள ஒளியுமிழ் இருமுனையம் வெளிவிடும் சிவப்பு ஒளி, முழு அக எதிரொளிப்பினால் மறுமுனையை அடைகிறது. இழைக்கற்றை வழியே உருவங்களை அனுப்பவியலும் என்பதைப் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹெரால்டு ஹாப்கின்சும் 1954 இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர்.

நன்மைகள்

இதன் முதன்மையான நன்மை மின்தனிமைப்படுத்தல் ஆகும். கேபிள் தொலைக்காட்சி வடம் ஓரிடத்திலும் பெருக்கி வேறோரிடத்திலும் நிலத்துடன் இணைக்கப்பட்டிருந்தால், இடையிலுள்ள செப்பு வடத்தின் உறை வழியே மின்னோட்டம் பாய்ந்து, ஒலிபெருக்கியில் 50 ஹெர்ட்சு இரைச்சல் எழும். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாததால் அச்சுற்று அறுபடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கேபிள் வழியே வரும் மின்னல் மின்னெழுச்சியும் இவ்விணைப்பைத் தாண்டிப் பெருக்கிக்குச் செல்வதில்லை. எனினும் மின்வழங்கல் கம்பி வழியே வருவதை இது தடுக்காது.

தலத்தெரு உள்ளிட்ட காரைக்கால் பகுதியைப் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றினால் உலோக முனைகள் களிம்பேறுகின்றன. செப்பு வடத்தின் முனைகளுக்குத் தங்கமுலாம் பூசுவது இதனாலேயே பொருளுடையது. ஒளியிழை வடத்தின் முனைக்கும் தங்கமுலாம் பூசிக் கூடுதல் விலைக்கு விற்பதுண்டு; ஒளிக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

செப்பு வடத்தைவிட இதில் இசை இனிமையாக ஒலிக்கும் என்பதும் பெரும்பாலும் விளம்பரக் கூற்றே. இரண்டிலும் செல்வது ஒரே எண் தரவு. அது பிழையின்றிச் சேர்ந்தால் ஒலியும் ஒன்றே.

குறைபாடுகள்

இவ்விணைப்பு இரு தட ஒலியையும், டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகிய சுருக்கப்பட்ட 5.1 தட ஒலியையும் ஏற்கும். டால்பி ட்ரூஎச்டி போன்ற இழப்பற்ற பல்தட வடிவங்களுக்கு இதன் கொள்ளளவு போதாது. ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டிய கட்டளைகளும் இதன் வழியே செல்வதில்லை. ஆகையால் ஒலிக்கருவிக்குத் தனித் தொலைக்கட்டுப்படுத்தி தேவைப்படலாம்.

நெகிழி இழையில் ஒளி விரைவில் மங்குவதால், வடத்தின் நீளம் பொதுவாக 5 முதல் 10 மீட்டருக்குள் இருத்தல் நலம். சுவரோரத்தில் மடித்து ஆணியடித்தால் ஒளி கசிந்து ஒலி விட்டுவிட்டு வரும். முனையிலுள்ள சிறு நெகிழி மூடியைக் கழற்ற மறப்பதாலும் ஒலி வராது போகலாம். தொலைக்காட்சி டால்பி வடிவில் அனுப்ப, பெறும் கருவி அதை அறியாததாயின் அப்போதும் ஒலி எழாது. அமைப்பில் பிசிஎம் என மாற்றினால் சரியாகும்.

மாற்று இணைப்புகள்

2009 இல் வெளிவந்த எச்டிஎம்ஐ 1.4 இன் ஏஆர்சி வசதி, ஒலியையும் ஒலியளவுக் கட்டளைகளையும் ஒரே வடத்தில் கொணர்ந்தது. 2017 இல் வெளியான எச்டிஎம்ஐ 2.1 இன் ஈஏஆர்சி இழப்பற்ற பல்தட ஒலியையும் ஏற்கிறது. ஆயினும் எச்டிஎம்ஐ செப்பு வடமாக இருப்பின், நில இணைப்பு இரைச்சல் மீண்டும் எழக்கூடும்.