கடைசல் பேனா

எபோனைட், அக்ரிலிக், மரம் முதலியவற்றின் தண்டை லேத்தில் சுழலவிட்டு, உளியாலும் அரத்தாலும் கடைந்து செய்யப்படும் பேனா கடைசல் பேனா. அச்சில் வார்க்கும் பேனாவுக்கு ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு வேண்டும். கடைசலில் கைப்பழக்கம் இருந்தால் வடிவத்தை அன்றே மாற்றலாம். பந்துமுனைப் பேனா சந்தையை விழுங்கிய பின்னும் சில சிறு பட்டறைகள் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் திருவள்ளூரின் ரங்கா பேனாக்களும், சென்னை பாரிமுனையில் 1920களில் தொடங்கிய ஜெம் அண்ட் கம்பெனியின் காமா பேனாக்களும் இவ்வகையில் பெயர் பெற்றவை. ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்த சுதேசிப் பேனா, தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியின் கைக்குப் போனது. அதற்கு நன்றி சொல்லி 1935இல் காந்தி ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார்.

இப்பட்டறைகளின் முதன்மைப் பொருள் எபோனைட். இயற்கை ரப்பருடன் நிறையக் கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய தண்டு இது. கடைய இதமானது, மையின் அமிலம் இதை அரிக்காது. சூடேறினால் இளகும் என்பதால் மழுங்கிய உளி ஆகாது. கடையும்போது கந்தக நெடி பட்டறை முழுதும் பரவும்.

வேலையின் வேகம் லேத்தின் வேகத்தைப் பொறுத்ததென்று புதியவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் நேரத்தைத் தின்பது துளையிடும் டிரில் பிட்டையும் உள்மரை வெட்டும் டேப்பையும் மாற்றி மாற்றிப் பொருத்துவதுதான். ஆகவே பேனா பேனாவாக முடிக்காமல், பத்து இருபது தண்டுகளுக்கு ஒரே வேலையைச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போவது சிக்கனம். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வரியோடிய எபோனைட்டில் மூடியும் உடலும் ஒரே தண்டின் அடுத்தடுத்த துண்டுகளாக இருந்தால்தான் வரிகள் இசையும். அறுத்தவுடன் ஜோடிக்கு ஒரே எண் இடாவிட்டால் பிறகு பிரித்தறிவது பெரும்பாடு.

உள்வேலை முதலில், வெளிவேலை கடைசியில் என்பது மாறாத வரிசை. தண்டை லேத்தின் சக்கில் பிடித்து, மையம் குறித்து, சீவலை வெளியேற்ற இடையிடையே பிட்டை இழுத்துக்கொண்டே துளையிட வேண்டும். அடுத்து மரை. நிப்பைத் தாங்கும் கழுத்து உடலோடு சேருமிடத்தில் ஒற்றை மரையே நல்லது. மையை நேரடியாக உடலில் ஊற்றும் பேனாவில் கசிவைத் தடுப்பது அந்த இறுக்கமும் மேலே தடவும் கிரீஸும்தான். மூடிக்கு அப்படியல்ல. மரை இடைவெளி 0.75 மி.மீ., நீளம் 6 மி.மீ. என்றால் ஒற்றை மரையில் 8 சுற்று சுற்ற வேண்டும். மூன்று மரைகளை இணையாக வெட்டினால் 3 சுற்றுக்குள் திறந்துவிடும். சாதாரண உலோக லேத்தே இந்த வேலைக்குப் போதும். மூன்று மரை வெட்டும் டேப்பையும், வெளிமரைக்கான டையையும்தான் தேடி வாங்க வேண்டும்.

மூடியையும் உடலையும் சேர்த்துத் திருகி, ஒரே பிடியில் வெளிப்புறம் கடைந்தால் இரண்டும் சேருமிடத்தில் படி விழாது. பின்னர் அரம், உப்புத்தாள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர், பஃபிங். கரடுதாளின் கீறல் முழுதும் போகாமல் மெல்லிய தாளுக்குத் தாவினால், அக்கீறல் பளபளப்பில்தான் முகம் காட்டும். திரும்பவும் முதலிலிருந்து தேய்க்க வேண்டியதுதான். கடைசியில் நிப்பும், அதற்கு மை கொண்டுவரும் நாக்கும். எபோனைட் நாக்கை வெந்நீரில் இளக்கி நிப்போடு அழுத்திப் படியவைப்பார்கள். எழுதிப் பார்க்காமல் பெட்டியில் வைக்கும் பேனாவை முடிந்த வேலையாகக் கொள்ள முடியாது.

பொழுதுபோக்காகக் கடைபவர்கள் பெரும்பாலும் மரத்துண்டில் பித்தளைக் குழாயை ஒட்டி, கிட்டில் வரும் முனையையும் கிளிப்பையும் அழுத்திப் பொருத்துவார்கள். இதிலும் தொகுப்பு வேலையே லாபம்: முந்தைய நாளே பல துண்டுகளுக்குத் துளையிட்டு ஒட்டிவைத்தால் பசை காயக் காத்திருக்க வேண்டாம். ஒட்டிய துண்டின் இரு முனைகளையும் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவிய பிறகே மாண்ட்ரல் என்னும் மெல்லிய கம்பியில் கோக்க வேண்டும். கம்பியின் நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் கம்பி வளையும். கடைந்த பேனா வட்டமாக வராது.