பட்டயப் பள்ளிகள்

1733 ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் அரியணையில் இரண்டாம் ஜார்ஜ் மன்னன். அவன் முத்திரையிட்டளித்த பட்டயமொன்று கடல் கடந்து அயர்லாந்து சேர்ந்தது. பெற்றுக்கொண்டது டப்ளின் நகரத்துச் சங்கம் ஒன்று. ஏழைக் குழந்தைக்கு எழுத்தறிவிப்போம், தொழில் கற்பிப்போம், உண்டியும் உடையும் உறையுளும் தருவோம் என்று முழங்கினர் சங்கத்தார். பாராளுமன்றம் பொதுப்பணத்தை மான்யமாக வாரி வழங்கிற்று. பட்டயப் பள்ளிகள் எழுந்தன.

நல்ல செயல்தானே என்பீர். உள்ளே நுழைந்து பார்ப்போம், வாருங்கள்!

கத்தோலிக்கக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது, தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்புவது, புராட்டஸ்டண்டாக மாற்றுவது, ஆங்கிலம் பேசும் வேலையாளாக வார்த்தெடுப்பது. இதுவே பட்டயத்தின் உள்நோக்கம். சிறைச்சாலைச் சீர்திருத்தத்துக்குப் புகழ்பெற்ற ஜான் ஹோவார்டு, 1780-களில் இப்பள்ளிகளைப் பார்வையிட்டார். சிறைகளைக் கண்டு சலித்த அவர் கண்களே கலங்கின. பசித்த வயிறு, கிழிந்த கந்தல், நோயுற்ற மேனி! ஏடு பிடிக்க வேண்டிய கை இராட்டையில் நூல் நூற்றது. சங்கத்தின் கணக்கில் இருந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஒன்று. பள்ளியில் இருந்த எண்ணிக்கை வேறொன்று!

பணம் பொதுமக்களுடையது, பிடி தனிச் சங்கத்தினுடையது, பலியானதோ குழந்தை. 1825 இல் விசாரணைக் குழுவின் அறிக்கை மீண்டும் இக்கொடுமைகளை அம்பலப்படுத்திற்று. அதன் பிறகே மான்யம் நின்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு! எத்தனை தலைமுறை பாழாயிற்று, எண்ணிப் பாருங்கள்.

அயர்லாந்து மக்கள் வாளாவிருந்தனரா? இல்லை. கத்தோலிக்கர் பள்ளி நடத்தலாகாது என்று 1695 இல் சட்டம் தடுத்தது. மக்களோ வேலியோரத்திலும் வைக்கோற் கொட்டிலிலும் ஆசிரியரை அமர்த்தி, தம்மிடம் இருந்ததைக் கூலியாகக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். வேலியோரப் பள்ளிகள் என்று வரலாறு அவற்றைக் குறிக்கிறது. 1831 இல் தேசியப் பள்ளிகள் வந்தன. எழுத்தறிவு பரவிற்று, உண்மை. ஆனால் ஐரிஷ் மொழி வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

இந்த முறையைத்தான் ‘கொலை இயந்திரம்’ என்று பெயரிட்டுச் சாடினார் பாட்ரிக் பியர்ஸ். அயர்லாந்துக் குடியரசுக்காக 1916 மே 3 ஆம் நாள் ஆங்கிலேயர் துப்பாக்கிக்கு மார்பு காட்டிய மாவீரர். அவர் ஆசிரியர் என்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? 1908 இல் புனித எண்டா பள்ளியை நிறுவி, இரு மொழிகளிலும் பாடம் நடத்தினார். அங்கே உடன் பணியாற்றிய தாமஸ் மக்டோனாவும் அதே நாளில் சுட்டுக்கொல்லப்பட்டார். பியர்ஸ் நடத்தியதும் தனியார் பள்ளிதானே என்று கேட்கத் தோன்றும். ஆம், அந்நிய ஆட்சியின் பள்ளி அடிமையை வார்த்தபோது, விடுதலை மனிதனை வளர்க்க அவர் தனிப்பள்ளி கண்டார். பணம் பண்ணக் கண்டாரில்லை, கடனில் மூழ்கினார்.

அவர் தோழர்கள் 1919 சனவரி 21 இல் டப்ளினில் தம் சொந்தப் பாராளுமன்றத்தைக் கூட்டினர். அங்கே ஏற்ற மக்களாட்சித் திட்டம், குழந்தைகளின் நலமே குடியரசின் முதற்கடமை என்றது. உணவும் உடையும் உறையுளும் இன்றி ஒரு குழந்தையும் வாடலாகாது, கல்வி அனைவர்க்கும் உண்டு என்றது. பொன்னான சொற்கள்! ஆனால் விடுதலைக்குப் பின்னர் பள்ளிகளின் பிடி மதகுருமாரிடமே தங்கிற்று. இடைநிலைக் கல்விக்குக் கட்டணமில்லை என்ற நிலை 1967 இல்தான் பிறந்தது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே 48 ஆண்டுகள்!

அயர்லாந்துக் கதை நமக்கேன் என்போர் உண்டு. நம் கதையையே காண்போம்.

1854 இல் சர் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு மான்யம் என்ற முறையை இங்கே ஊன்றிற்று. நம் திண்டிவனத்திலும் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் பள்ளி நடத்திற்று. அவர்களும் மதத்தை எண்ணியே வந்தனர், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தெருவில் நடக்கவும் உரிமையற்றிருந்தவனுக்கு எழுத்தைத் தந்தன மிஷன் பள்ளிகள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஏன் அவனுக்குப் பாதிரியின் கதவு தேவைப்பட்டது? சாத்திரம் மற்றக் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டதால்தானே!

1953 இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதுத்திட்டம் தந்தார். பள்ளியில் மூன்று மணி நேரம். எஞ்சிய பொழுதில் தகப்பன் தொழில்! நகரத்துப் பிள்ளைக்கு இல்லை இந்த விதி. விழுப்புரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் உழவன் மகனுக்கும் வண்ணான் மகனுக்கும் உண்டு. குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியார் போர்முரசு கொட்டினார். அண்ணா வழியில் இளைஞர்கள் மறியலுக்குச் சென்றனர். 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சி மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டது. பள்ளிகள் பெருகின, 1956 இல் பகலுணவு வந்தது. அன்று வென்றது ஒரு கொள்கை: குழந்தையின் படிப்பு பிறப்பால் அளக்கப்படலாகாது.

பிறப்பால் அளக்க முடியாமற் போனதை இன்று பணத்தால் அளக்கிறார்கள்! 1984 இல் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு வாயில் திறக்கப்பட்டது. நன்கொடைக் கொள்ளை பெருகவே, அதைத் தடுக்க 1992 இல் சட்டம் வந்தது. பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009 இல் மற்றொரு சட்டம் வந்தது. சட்டத்தின் மேல் சட்டம்! நோய் தீர்ந்திருந்தால் மருந்து மாற்ற வேண்டியதில்லையே!

2004 சூலை 16. கும்பகோணம். ஒரே கட்டடத்துக்குள் பல பள்ளிகள். அரசின் உதவி பெற்ற பள்ளியும் அவற்றுள் ஒன்று. சமையற்கூடத்தில் பிறந்த தீ கூரைக்குத் தாவிற்று. 94 குழந்தைகள் கருகினர். மான்யம் சென்ற இடத்துக்குக் கண்காணிப்பு செல்லவில்லை. அயர்லாந்தின் பட்டயப் பள்ளி நம் காவிரிக் கரையிலேயே எழுந்து நின்றதன்றோ!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1991 இல் பொதுப்பணத்தில் தனி அமைப்புகள் பள்ளி நடத்தச் சட்டம் செய்தது. அவற்றுக்கும் பட்டயப் பள்ளி என்றே பெயர்! இங்கே 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்கி, அதற்கான தொகையை அரசு தரச் சொல்கிறது. அவ்விடம் பெற்று அமரும் ஏழைக் குழந்தையைக் கண்டு நாம் மகிழ்கிறோம்; குறை கூற மாட்டோம். ஆனால் அக்குழந்தை விட்டு வந்த ஊர்ப்பள்ளியில் மிஞ்சிய குழந்தைகளின் கதி என்ன? எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் குறைவர்; ஆசிரியர் குறைந்தால் எண்ணிக்கை மேலும் குறையும்; முடிவில் பள்ளியே மூடப்படும். பிறகு ஏழைக்கு எந்தக் கதவு?

2011 ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80. அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலோ 72 அளவே. கட்டணம் கட்ட முடிந்தவர் மிகுந்த சீமையன்று இது. பெருஞ்சாலையோரத்துப் பளிங்கு மாளிகைகள் இந்த இடைவெளியை நிரப்பா. அரசுப் பள்ளி ஒன்றே நிரப்பும்.

ஆசிரியப் பணியிலுள்ள நாம் நன்கறிவோம்: அரசுப் பள்ளி என்றதாலேயே குறை நீங்கிவிடாது. ஆனால் அங்கே கேள்வி கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டமே ஓர் அவையைத் தந்துள்ளது. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். இளைஞர்களே, உங்கள் ஊரில் அக்குழு கூடுகிறதா? எத்தனை ஆசிரியர் இடம் காலி? கழிப்பறையில் தண்ணீர் உண்டா? கூடும் நாளறிந்து, பெற்றோரை அழைத்துச் சென்று அமருங்கள், கேளுங்கள், பதில் வரும்வரை எழாதீர்கள்.

அயர்லாந்தின் பொன்மொழி செயலாக 48 ஆண்டுகள் ஆயின. நம் ஊர்க் குழந்தைக்கோ பள்ளிப்பருவம் ஒருமுறைதான் வருகிறது. அது காத்திராது.