கதிர் மருத்துவர் பயிற்சி: பாரிசிலிருந்து கொலராடோ வரை

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை அளிக்கும் மருத்துவரைத் தமிழ்நாட்டு நோயாளிகள் 'கரண்ட் வைக்கும் டாக்டர்' என்பார்கள். மின்சாரத்திற்கும் இந்தச் சிகிச்சைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், அந்தச் சொல் ஒரு வரலாற்று உண்மையைத் தெரியாமலே தொடுகிறது. இத்துறையின் முதல் அரை நூற்றாண்டில் மருத்துவ உலகமே இவர்களை அப்படித்தான் பார்த்தது. கருவியை இயக்குபவர், அறுவை மருத்துவர் எழுதிக் கொடுத்ததைச் செய்து முடிப்பவர், அவ்வளவே. கதிர்வீச்சுப் புற்றுநோயியல் என்னும் தனிப் பயிற்சி உருவான வரலாறு, அந்தப் பார்வையை மாற்ற நடந்த நீண்ட போராட்டத்தின் வரலாறு.

ஆசிரியர் இல்லாத காலம்

ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். ஓராண்டிற்குள் அதை மருந்தாக்கும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் என்னும் மருத்துவர், முதுகில் ரோமம் அடர்ந்த மச்சம் இருந்த ஒரு சிறுமிக்கு 1896இல் கதிர் பாய்ச்சினார். முடி உதிர்ந்தது. பிறகு அந்த இடத்தில் ஆறாத புண்ணும் வந்தது. கதிரின் ஆற்றலும் ஆபத்தும் ஒரே நோயாளியிடம் தெரிந்துவிட்டன.

அன்று இதைக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. தோல் மருத்துவர், அறுவை மருத்துவர், புகைப்படக்காரர், மின்பொறியாளர் என்று பலரும் குழாயை வாங்கி வைத்துத் தாமே பழகினார்கள். அளவுகோலும் கிடையாது. தோல் சிவக்கும் அளவே மருந்தின் அளவு. அந்தச் சிவப்பைப் பார்க்கப் பலர் தம் கையையே குழாய்முன் நீட்டினார்கள். 'ரான்ட்கன்' என்னும் அளவை அலகு பன்னாட்டு ஒப்புதல் பெற்றது 1928இல்தான். அதற்குள் ஒரு தலைமுறையே விரல்களை இழந்திருந்தது. வேகமாகப் பிரியும் செல்கள் கதிருக்கு எளிதில் மடியும் என்ற விதியை 1906இல் திரிபாண்டோவுடன் சேர்ந்து வகுத்த பிரெஞ்சு மருத்துவர் பெர்கோனியே, கதிரால் வந்த நோய்க்கே 1925இல் பலியானார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1936இல் இப்படி மாண்டவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். முதலில் அதில் பொறித்த பெயர்கள் 169. பயிற்சி என்ற ஒன்று இல்லாததன் விலைப்பட்டியல் என்றே அந்தத் தூணைக் கொள்ளலாம்.

கண்ணாடியும் பதின்மூன்றாம் நாளும்

முறையான கல்வி என்று சொல்லத்தக்கது பாரிசின் ரேடியம் நிறுவனத்தில் தொடங்கியது. அங்கே இரண்டு ஆய்வகங்கள். இயற்பியல் பக்கம் மேரி கியூரி. உயிரியல் பக்கம் க்ளோடியுஸ் ரெகோ. கட்டடம் 1914இல் முடிந்தபோது போர் வந்துவிட்டதால் உண்மையான வேலை போருக்குப் பின்னரே நடந்தது.

ரெகோ செய்த ஆட்டுக்கடா சோதனை இன்றும் இத்துறை மாணவர்கள் முதலில் படிக்கும் பாடங்களில் ஒன்று. கடாவின் விரையை ஒரே வேளையில் கதிர் கொடுத்து மலடாக்க முயன்றால் மேல்தோல் வெந்துவிடுகிறது. அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் தோல் பிழைக்கிறது, விந்தணு உற்பத்தி நின்றுவிடுகிறது. விரையை இடைவிடாமல் பெருகும் புற்றுத்திசுவுக்கும், தோலைச் சுற்றியுள்ள நல்ல திசுவுக்கும் ஒப்பாக வைத்து ரெகோ யோசித்தார். மருந்தைச் சிறு தவணைகளாகப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு அடித்தளம் அதுதான். அக்காலத்தில் ஜெர்மனியின் எர்லாங்கன் பள்ளி இதற்கு நேர்மாறாக, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட வேண்டும் என்று வாதிட்டது.

ரெகோவின் கருத்தை நோயாளியிடம் கொண்டு சென்றவர் அவருடன் பணியாற்றிய ஆன்றி கூதார். முற்றிய குரல்வளைப் புற்று கதிரால் மட்டுமே குணமான நோயாளிகள் சிலரைப் பற்றி 1922இல் பாரிசில் கூடிய மாநாட்டில் அறிவித்தார்கள். குரல்வளையையே வெட்டி எடுப்பது தவிர வேறு வழி தெரியாத காலம் அது. பேச்சை இழக்காமல் பிழைத்திருப்பவர்களைப் பற்றிய அந்தச் செய்தி எவ்வளவு பெரிது என்பதை இன்று ஊகிப்பது சற்றுக் கடினம்.

கூதாரிடம் பயின்றவர்கள் எடுத்துச் சென்றது ஒரு கருவியின் கையாளும் முறையை அல்ல, ஒரு பழக்கத்தை. வாரக்கணக்கில் நீளும் சிகிச்சையில் அவர் நோயாளியின் தொண்டையைச் சிறு கண்ணாடியால் தாமே நாள்தோறும் பார்ப்பார், கண்டதைக் குறிப்பார். அப்படிப் பார்த்ததால்தான், தொண்டையின் உட்சவ்வு ஏறத்தாழ 13ஆம் நாளிலும் வெளித்தோல் ஏறத்தாழ 26ஆம் நாளிலும் எதிர்வினை காட்டுகின்றன என்ற ஒழுங்கு அவருக்குப் புலப்பட்டது. அடுத்த தவணை எவ்வளவு என்பதை எந்திரம் சொல்லாது, சவ்வின் நிறம் சொல்லும் என்பது அந்தப் பள்ளியின் பாடம். அதனால் சிகிச்சை கொடுப்பவரே நோயாளியின் மருத்துவராகவும் இருந்தாக வேண்டும். பாரிஸ், ஸ்டாக்ஹோம், மான்செஸ்டர் ஆகிய மூன்று நகரங்களின் ரேடிய நிலையங்களிலும் கதிர் மருத்துவருக்கென்று தனிப் படுக்கைகளும் புறநோயாளிப் பிரிவும் இருந்தன. மான்செஸ்டரில் ரால்ஸ்டன் பேட்டர்சன் 1930களில் ரேடிய ஊசிகளை அடுக்கும் முறைக்கு அட்டவணைகளே வகுத்து, கைப்பழக்கமாக இருந்ததைக் கற்பிக்கக்கூடிய பாடமாக்கினார்.

கியூபாவிலிருந்து வந்த மாணவர்

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1934இல் கதிரியல் வாரியம் அமைந்தபோது படம் எடுத்து நோய் அறிவதும் கதிரால் நோய் தீர்ப்பதும் ஒரே துறையின் இரு கைகள் என்று கருதப்பட்டன. பெரும்பாலான பயிற்சி மருத்துவர்கள் பொதுக் கதிரியல் படித்தார்கள். அதில் சிகிச்சைக்குச் சில மாதங்கள் கிடைத்தால் பெரிது. நாள் முழுதும் படம் படித்துவிட்டு மாலையில் கீழ்த்தளத்துக்குப் போய் இரண்டு நோயாளிகளுக்குக் கதிர் வைப்பவர் எப்படி அவர்களின் தொண்டையை நாள்தோறும் பார்ப்பார்?

இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் ஹுவான் டெல் ரெகாட்டோ. கியூபாவில் 1909இல் பிறந்தவர். மச்சாடோ ஆட்சியில் ஹவானா பல்கலைக்கழகம் மூடப்படவே, மருத்துவப் படிப்பைத் தொடரப் பாரிசுக்குப் போனார். அங்கே ரேடியம் நிறுவனத்தில் கூதாரின் மாணவரானார். 1930களின் இறுதியில் கூதார் சிகாகோவுக்கு அழைக்கப்பட்டபோது இவரும் அமெரிக்கா வந்தார். பிறகு மிசூரி மாநிலத்தின் எல்லிஸ் ஃபிஷெல் புற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கே நோயியல் வல்லுநர் லாரன் ஆக்கர்மனுடன் சேர்ந்து 1947இல் வெளியிட்ட 'புற்றுநோய்' என்னும் பெருநூல் பல தலைமுறை மாணவர்களின் பாடநூலாயிற்று.

டெல் ரெகாட்டோ 1949இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் பென்ரோஸ் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தலைமையேற்றார். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லாத மலையடிவார ஊர். ஆனால் அங்கேதான், அமெரிக்காவில் கதிர் சிகிச்சைக்கென்றே தனியாக நடந்த முதல் உறைவிடப் பயிற்சிகளுள் ஒன்று தொடங்கியது. படம் படிக்கும் வேலை அதில் இல்லை. மாணவர் நோயாளியைச் சேர்க்கும் நாளில் பார்க்க வேண்டும், நோயியல் கண்ணாடித் தகட்டைத் தாமே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், சிகிச்சை முடிந்து ஆண்டுகள் ஆன பின்னும் அதே நோயாளியைத் தொடர வேண்டும். பாரிசின் பழக்கம் கொலராடோவில் பாடத்திட்டமாயிற்று எனலாம்.

ஒருவரின் பிடிவாதத்தால் மட்டும் துறைகள் பிரிவதில்லை. எந்திரங்களும் துணைக்கு வந்தன. கனடாவில் 1951இல் கோபால்ட் கருவிகள் இயங்கத் தொடங்கின. ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லன் 1956இல் நேரியல் முடுக்கியால் விழித்திரைப் புற்றுள்ள ஒரு குழந்தைக்குச் சிகிச்சை அளித்து, எஞ்சியிருந்த ஒற்றைக் கண்ணைக் காப்பாற்றினார். ஹூஸ்டனில் கில்பர்ட் ஃபிளெட்சர் மாணவர்களைப் பெரும் எண்ணிக்கையில் உருவாக்கினார். இவ்வளவு ஆழத்திற்குப் பாயும் கதிரைப் பகுதி நேரக்காரரிடம் விட முடியாது என்பது மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. டெல் ரெகாட்டோ முன்னின்று 1958இல் கூட்டிய கதிர் சிகிச்சையாளர் மன்றத்தில் முழுநேரமும் இதையே செய்பவர்களுக்கு மட்டுமே இடம். ஒரு மன்றம் என்ற அளவில் தொடங்கிய அது 1966இல் சங்கமாக வளர்ந்தது. இன்றைய அமெரிக்கக் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் சங்கம் அதன் வழித்தோன்றல்தான்.

சென்னை

தமிழ்நாட்டுக்கு இத்துறை தாமதமாக வரவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934லேயே திறக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அவர் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் அடுத்த ஆண்டு சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

இந்தியாவில் பிரிவினை பட்டயங்களின் பெயரில் முதலில் நடந்தது. படத்துக்கு டி.எம்.ஆர்.டி. (DMRD), சிகிச்சைக்கு டி.எம்.ஆர்.டி. (DMRT) என்று இரண்டு தனிப் பட்டயங்கள் அமைந்தன. எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டு எம்.டி. என்பது இப்போதைய வழி. இங்கே பல இடங்களில் கதிர் மருத்துவரே கீமோதெரபியும் கொடுக்கிறார். பிரிட்டனிலும் அப்படியே. அமெரிக்காவில் அது வேறொருவர் வேலை. நோயாளி ஒருவரை முழுமையாக அறிய நம் முறையே வசதியானது என்பது என் கருத்து. புறநோயாளி வரிசையின் நீளம் அந்த வசதியை எவ்வளவு தின்றுவிடுகிறது என்பது வேறு கதை.

இன்றைய மாணவர்

அமெரிக்கப் பயிற்சி இப்போது ஐந்தாண்டு. முதலாண்டு பொது மருத்துவம், அடுத்த நான்கும் கதிர். பயிற்சிக்குள் குறைந்தது 450 நோயாளிகளின் வெளிக்கதிர் சிகிச்சையில் பங்கேற்க வேண்டும். இயற்பியல், கதிர் உயிரியல், மருத்துவம் என மூன்று எழுத்துத் தேர்வுகள். பயிற்சிக்குப் பின் வாய்மொழித் தேர்வு.

மாணவரின் நேரத்தைப் பெரிதும் எடுப்பது 'வரைதல்'. நோயாளியின் சி.டி. படத்தில் ஒவ்வொரு வெட்டுத்துண்டிலும் கட்டியின் எல்லையைக் கணினியில் கோடிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கட்டி ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய பகுதி அடுத்த கோடு. மூச்சாலும் அசைவாலும் வரும் பிழைக்கு விடும் ஓரம் மூன்றாவது. இந்த மூன்றடுக்கு முறையைப் பன்னாட்டு ஆணையம் 1993இல் வகுத்தது. தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற காப்பாற்ற வேண்டிய உறுப்புகளுக்கும் தனித்தனிக் கோடு. தலை, கழுத்து நோயாளி ஒருவருக்கே மணிக்கணக்கில் ஆகும். கோடு சில மில்லிமீட்டர் உள்ளே போனால் நோய் தங்கிவிடலாம், வெளியே போனால் நோயாளி ஆயுள் முழுதும் உலர்ந்த வாயோடு இருக்கலாம்.

இந்த வேலை மாணவரைத் திரைமுன் உட்கார வைத்துவிட்டது. கூதாரின் நாள்தோறும் பார்க்கும் வழக்கத்தில் மிஞ்சியிருப்பது வாரம் ஒருமுறைப் பரிசோதனை. படம் படிப்பவரிடமிருந்து பிரிந்து வந்த துறை, சுற்றி வளைத்து மறுபடி படத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருப்பதில் ஒரு முரண் உண்டு.

வேறு நெருக்கடிகளும் வந்தன. 2000களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் பயிற்சியிடங்கள் ஏறத்தாழ இருமடங்காயின. மிகுந்த போட்டி நிலவிய துறை அது. 2018இல் இயற்பியல், உயிரியல் தேர்வுகளில் தேர்ச்சி விகிதம் திடீரென்று சரிந்தது. இயற்பியலில் 70 விழுக்காட்டினரும் உயிரியலில் 74 விழுக்காட்டினரும் மட்டுமே தேறினர். மாணவர் தரமா, வினாத்தாளா, பயிற்சி நிலையங்கள் பெருகியதா என்று கடுமையான வாதம் நடந்தது. அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் குறைந்து, பல இடங்கள் நிரம்பாமல் நின்றன. வேலை கிடைக்குமா என்ற ஐயமும் இளம் மருத்துவர்களை விலக வைத்தது.

சிகிச்சையின் நீளமும் மாறிவருகிறது. மார்பகப் புற்றுக்கு முன்பு ஐந்து வாரம் கொடுத்ததைப் பிரிட்டன் முதலில் மூன்று வாரமாகக் குறைத்தது. பிறகு ஒரே வாரத்தில் ஐந்து தவணையாக 26 கிரே கொடுத்தாலும் ஐந்தாண்டு முடிவுகள் ஈடாகவே உள்ளன என்று ஒரு பெரிய ஆய்வு 2020இல் காட்டியது. கொரோனாக் காலம் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. தினமும் பேருந்து ஏறி வரும் நோயாளிக்கு இது பெரும் விடுதலை. ஆனால் ஐந்தாம் நாளே சிகிச்சை முடிந்துவிடுவதால், தோலின் எதிர்வினை உச்சத்துக்கு வரும்போது நோயாளி வீட்டில் இருக்கிறார். சிவந்த அந்தத் தோலைப் பார்ப்பது பயிற்சி மருத்துவர் அல்ல, அவர் வீட்டார். சில பயிற்சி நிலையங்கள் இதற்காகத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதையும், நோயாளி கைப்பேசியில் எடுத்தனுப்பும் படத்தைப் பார்ப்பதையும் மாணவரின் வேலையில் சேர்த்திருக்கின்றன.