பொதி

உடன்குடிக் கருப்பட்டியை ஓலையில் பொதிந்து கட்டி அனுப்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். பொதிமாடு, பொதிசோறு எல்லாம் அந்த வினையில் பிறந்தவை. மலையாளத்தில் இன்றும் இலையில் கட்டிய சாப்பாடு பொதிச்சோறுதான். ‘பொருள் பொதிந்த பேச்சு’ என்கிறோமே, அங்கே கட்டப்படுவது கருத்து.

லினக்ஸ் தமிழாக்கத்தில் ‘பேக்கேஜ்’ என்பதற்கு இச்சொல் வழங்குவது மிகப் பொருத்தம். நிரல், அதன் அமைப்புக் கோப்புகள், அது வேலைசெய்யத் தேவையான பிற பொதிகளின் பெயர்கள் என எல்லாம் ஒரே கட்டு.

இப்படிப் பொதிகளாலான ஒரே இயங்குதளத்தை ஐம்பது கணினிகளில் ஏற்ற வேண்டுமானால் ஒவ்வொன்றின் முன்னும் உட்கார வேண்டாம். டெபியன் லினக்ஸில் ‘பிரீசீட்’, ரெட் ஹாட் லினக்ஸில் ‘கிக்ஸ்டார்ட்’ என்ற விடைக்கோப்பை எழுதிவைத்தால் நிறுவி தானே படித்துக்கொள்ளும். கிக்ஸ்டார்ட் கோப்பின் பொதிப் பட்டியலில் ஒரு பெயரை எழுதினால் அந்தப் பொதி வரும். பெயருக்கு முன் கழித்தல் குறி இட்டால் விலகும். ஆனால் வேறொரு பொதிக்கு அது கட்டாயத் தேவையானால், வேண்டாம் என்றது மட்டும் போதாது. அதைத் தேவையாகக் கேட்கும் பொதியையும் சேர்த்தே விலக்க வேண்டும்.

சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் டெபியன் வழி வந்தது. அங்கும் நிறுவும் அலகு பொதியே. பள்ளி ஆய்வகத்துக்குப் பட்டியல் எழுதுபவர்கள் லோஹித் தமிழ் எழுத்துருப் பொதியை முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.