சிக்னல் பொட்டிக்குள்ள என்ன இருக்கு?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதான் இந்தப் பக்கம் வரலை. இன்னைக்கு மொக்கை இல்லைங்க, கொஞ்சம் சரித்திரம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி.

எங்கூரு திருநாவலூர். சுந்தரர் பொறந்த ஊரு. கல்யாண மணையில இருந்த மனுஷனை சாமியே வந்து தடுத்தாட்கொண்டதா புராணம். மத்தபடி யாரையும் தடுத்து நிறுத்த எங்கூர்ல ஒரு சிக்னல் கூட கிடையாது. அவசரம்னா 108-ல ஏத்தி, ஹைவே புடிச்சு, விழுப்புரம் தாண்டி முண்டியம்பாக்கம் போகணும். இல்லன்னா பாண்டிச்சேரி ஜிப்மர்.

மூணு வருஷம் முன்னாடி பெரியப்பாவுக்கு பக்கவாதம். காலையில எட்டரை மணி. வழியில ஒரு சிக்னல்ல மாட்டிக்கிட்டோம். முன்னாடி ரெண்டு பஸ், ஒரு கரும்பு டிராக்டர். சைரன் அலறுது, ஆனா ஒதுங்க யாருக்கும் எடமில்லை. குறுக்கு ரோடு காலியா கெடக்கு, அதுக்குத்தான் பச்சை எரியுது! கடைசியில ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து, ஓரத்துல இருந்த பொட்டியைத் திறந்து எதையோ அமுக்கினார். எங்க பக்கம் பச்சை விழுந்துச்சு.

அந்தப் பொட்டியைப் பத்தி அன்னைக்கு தேட ஆரம்பிச்சவன்தான்.

ஆச்சரியமான மேட்டர் என்னன்னா, அவர் பண்ணின வேலைக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது. 1914 ஆகஸ்ட் 5, அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் நகரம், யூக்ளிட் அவென்யூவும் 105வது தெருவும் சந்திக்கிற இடம். ஜேம்ஸ் ஹோக் வடிவமைச்ச மின்சார சிக்னலை அங்கதான் வச்சாங்க. சிவப்பு, பச்சை மட்டும்தான், மஞ்சள் இல்லை. ஓரத்துல ஒரு கூண்டு, அதுக்குள்ள ஒரு போலீஸ்காரர், கையில சுவிட்ச். தீயணைப்பு வண்டி வந்தா சிக்னலை அதுக்கு ஏத்தமாதிரி மாத்திக்கற வசதியை அப்பவே யோசிச்சு வச்சிருந்தாங்க.

அப்புறம் கூண்டு போய் தானியங்கி வந்துச்சு. ஆளும் போயிட்டார், அவரோட கண்ணும் போயிடுச்சு. அந்தக் கண்ணைத் திரும்ப வைக்க ரொம்ப வருஷம் ஆச்சு. நம்ம வீட்ல பாத்திரம் தேய்க்கிற ஸ்காட்ச் பிரைட் பண்ற அதே திரீ எம் கம்பெனிதான் ஆப்டிகாம்னு ஒண்ணைக் கொண்டுவந்தது. வண்டி மேல ஒரு பிளாஷ் லைட்டு, வினாடிக்கு சுமார் 14 தடவை மின்னும் (பஸ்ஸுக்கு சுமார் 10 தடவை, அது ரெண்டாம்பட்சம்). சிக்னல் கம்பத்துல ஒரு உணர்கருவி, சுமார் 2,500 அடி தூரத்துலயே அதைப் பாத்துடும். அங்கிருந்து கேபிள் இறங்கி பொட்டிக்குள்ள ஒரு கார்டுல சொருகும். கார்டு கன்ட்ரோலருக்கு சொல்லும்: "இந்தப் பக்கம் ஒருத்தர் வர்றார்".

நம்மாளுங்களுக்கு ஒரே வார்த்தையில சொல்லணும்னா, இன்டரப்ட்! ஆனா நம்ம புரோகிராம் மாதிரி பட்டுன்னு தாவ முடியாது. மஞ்சள் காட்டணும், எல்லாப் பக்கமும் ஒரு நொடி சிவப்பு போடணும், பாதி ரோட்ல நடந்துட்டு இருக்கற பாட்டிக்கு கடக்க நேரம் குடுக்கணும். அதுக்கப்புறம்தான் பச்சை. வண்டி போனதும் பழைய சுற்றுக்குத் திரும்பணும். 2,500 அடி எதுக்குன்னா இதுக்குத்தான். வண்டி வர்றதுக்குள்ள முன்னாடி நிக்கற பஸ்ஸும் டிராக்டரும் கிளம்பிப் போயிருக்கணுமே! வண்டி பக்கத்துல வந்தப்புறம் பச்சை போட்டு என்ன பிரயோஜனம்?

அங்கயும் நம்மூர் மாதிரி ஆளுங்க உண்டு. அதே லைட்டை சில நூறு டாலருக்கு வாங்கி சொந்தக் கார்ல வச்சு பச்சையிலயே போயிருக்காங்க :-) அனுமதி இல்லாதவங்க அதைப் பயன்படுத்தறது குத்தம்னு 2005-ல சட்டம் போட்டாங்க.

நம்ம கதை 2008 செப்டம்பர்ல. 15-ஆம் தேதி தமிழ்நாட்டுல 108 ஆரம்பிச்சுது. அதே மாசம்தான் விபத்துல மூளைச்சாவு அடைஞ்ச ஹிதேந்திரனோட இதயத்தை தேனாம்பேட்டையில இருந்து முகப்பேருக்கு 11 நிமிஷத்துல கொண்டுபோனாங்க. போய்ச் சேர்ந்தது ஒரு 9 வயசுப் பொண்ணுக்கு. 'சென்னையில் ஒரு நாள்' (2013) பாத்தவங்களுக்குத் தெரியும். அன்னைக்கு வழிவிட்டது எந்தக் கார்டும் இல்லை. வயர்லெஸ்ல பேசிக்கிட்டு, சந்திப்புக்கு சந்திப்பு வண்டிகளை நிறுத்தின போலீஸ்காரங்க. கிளீவ்லேண்ட் கூண்டுதான், ஆனா வரிசையா பல கூண்டு!

2019-ல ஆம்புலன்சுக்கு வழிவிடலைன்னா 10,000 ரூபாய் அபராதம்னு மோட்டார் வாகனச் சட்டத்துல சேர்த்தாங்க. சரிதான். ஆனா அன்னைக்கு எங்க முன்னாடி இருந்த டிராக்டர்காரர் சிவப்புல எங்க போவார், சொல்லுங்க?

பெரியப்பா இருக்கார். வலது கை மட்டும் இன்னும் சரியா வரலை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தான்னு டாக்டர் எதுவும் சொல்லலை, நாங்களும் கேக்கலை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப அந்த சிக்னல்ல பஸ் நின்னுச்சு. ஜன்னல் வழியா பாத்தேன். பொட்டி மேல ஒரு மஞ்சள் நீராட்டு விழா போஸ்டர். பூட்டு இருந்த எடத்துல ஒரு கம்பியை முறுக்கி விட்டிருந்தாங்க.